பதினாறு கை, இரண்டு கூடை

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எத்தனை கோர்? (புராசசர் என்கிற கணக்குப் போடும் சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி ஒவ்வொன்றும் ஒரு கோர்.) நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் அண்ணன் கேட்டார், கூடப் படித்தவர்கள் கேட்டார்கள், கம்ப்யூட்டர் பக்கமே போகாத என் சித்தப்பாகூட எங்கேயோ காதில் விழுந்த ஞாபகத்தில் கேட்டார். நானும் மாதக்கணக்கில் அதே கணக்கோடுதான் இருந்தேன். கையில் இருப்பது 8 கோர். 16 கோர் வாங்கினால் வேலை பாதி நேரத்தில் முடியும். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. டெஸ்க்டாப் புராசசரா, சர்வர் வகைப் புராசசரா என்று நான்கு மாதம் அலைந்த பிறகு எனக்கு விளங்கியதை இங்கே எழுதி வைக்கிறேன். சொந்தக் காசில் மெஷின் வாங்கி, அதைக்கொண்டே பிழைக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தோவாளை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்திருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு போகும். ஆடி மாதம் இங்கே குடை பிடித்து நடக்க முடியாது. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலைச் சுற்றி ஏறக்குறைய 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் பல, பழைய சின்ன எந்திரங்கள். அவற்றைக் கழற்றிவிட்டு உயரமான பெரிய எந்திரங்களை நிறுத்தும் பேச்சு பல வருஷமாக நடக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு அதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. பெரியதை எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். முன்னால் நிற்கும் காற்றாலை காற்றின் வேகத்தை எடுத்துக்கொண்டு, கலங்கிப்போன மிச்சத்தைத்தான் பின்னால் நிற்பதற்கு விடும். மலை முகடும் தன் பங்குக்குக் காற்றைத் திருப்பும். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் தொழில்.

நிலத்தின் மேடுபள்ளம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவீட்டிலிருந்து கிடைக்கும். அந்த நிலத்தின் மேல் இருக்கும் ஆகாயத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்ட வேண்டும். வெட்டிய வலைக்கு மெஷ் என்று பெயர், ஒவ்வொரு பெட்டியும் ஒரு செல். ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு செல்லிலும் காற்றின் வேகம், அழுத்தம், கலக்கம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, பக்கத்துச் செல்லோடு ஒத்துப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஆயிரக்கணக்கான சுற்று. பத்து லட்சம் செல்லுக்கு 1 முதல் 2 ஜிபி ரேம் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கைக்கணக்கு. எனக்கு வந்த புது வேலை 4 கோடி செல். என்னிடம் இருந்த பழைய டெஸ்க்டாப்பில் 64 ஜிபி. அதனால்தான் புது மெஷின் தேட ஆரம்பித்தேன்.

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன், ரைசன் 9 7950எக்ஸ் என்ற ஏஎம்டி கம்பெனியின் டெஸ்க்டாப் புராசசர் போட்டு ஒரு மெஷின் கட்டியிருந்தான். 16 கோர், உச்சத்தில் 5.7 கிகாஹெர்ட்ஸ், நான்கு ஸ்டிக்காக 128 ஜிபி ரேம். நான் மனதில் வைத்திருந்தது கிட்டத்தட்ட அதே மெஷின்தான். "நாளைக்குக் கல்யாணம் ஒண்ணும் இல்ல, வந்து ஓட்டிப் பாரு மக்கா" என்றான். ஒரு சின்ன வேலையைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரே வேலையை முதலில் 1 கோரில் ஓட்டினேன், அப்புறம் 2, 4, 8, 16. 2-இல் நேரம் பாதியானது. 4-இல் கிட்டத்தட்ட இன்னொரு பாதி. 8-இல் ஓரளவு குறைந்தது. 16-இல் ஏறக்குறைய ஒன்றுமே குறையவில்லை. எட்டு கோரைக் கூடுதலாகக் கொடுத்தும் அதே நேரம்! எங்கேயோ தப்பாக அமைத்துவிட்டேன் என்று இரண்டு தடவை திரும்ப ஓட்டினேன். சிஸ்டம் மானிட்டரில் 16 கோரும் 100 சதவீதம் என்று காட்டுகிறது. வேலை மட்டும் நகரவில்லை.

அந்த வாரம் ஓணம் வந்தது. ஓணத்துக்கு முந்தின நாட்களில் தோவாளை பூச்சந்தை எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கேரளத்து வியாபாரிகள் விடிவதற்கு முன்னால் வந்து நிற்பார்கள். கேந்தி, வாடாமல்லி, அரளி, கோழிக்கொண்டை, பிச்சி எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும். என் அத்தை அங்கே மாலை கட்டுகிறவள். பெரிய ஆர்டர் வந்திருந்ததால் தெருவில் இருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். நான் போனபோது பாதிப்பேர் நாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"ஆளு இருந்து என்ன மக்களே, பூவு வரணும்லா."

இரண்டே பையன்கள்தான் சந்தையிலிருந்து கூடை சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். கூடை வந்து விழுந்ததும் எல்லாக் கைகளும் பாயும், நொடியில் காலியாகும், மறுபடி காத்திருப்பு. அந்த இடத்திலேயே எனக்கு மார்த்தாண்டத்து மெஷின் விளங்கிவிட்டது.

கோர் என்பது பூக்கட்டுகிற கை. ரேம் என்பது பூ குவிந்து கிடக்கும் சந்தை. நடுவில் கூடை சுமக்கிறவர்கள் மெமரி சேனல். டெஸ்க்டாப் புராசசர்களில் அது இரண்டு. ரைசனோ இன்டெல் கோர் வரிசையோ, 6 கோர் வாங்கினாலும் 16 கோர் வாங்கினாலும் கூடைக்காரப் பையன்கள் இரண்டே பேர். காற்றோட்டக் கணக்கில் ஒவ்வொரு செல்லுக்கும் செய்கிற கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான், அதற்காக ரேமிலிருந்து எடுத்துவர வேண்டிய எண்கள்தான் ஏராளம். பூ வராத நேரத்தில் கை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பையும் சிஸ்டம் மானிட்டர் வேலை என்றே எண்ணி 100 சதவீதம் காட்டுகிறது. புராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன மெமரி, மடியில் அள்ளி வைத்துக்கொள்ளும் பூ மாதிரி. மடி பெரிதாக இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். 4 கோடி செல்லுக்கு எந்த மடியும் காணாது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிடிஆர்5-5200 ரேமில் ஒரு சேனல் நொடிக்கு 41.6 ஜிபி கொண்டுவரும். இரண்டு சேனலுக்கு 83.2. இது ஏட்டுக்கணக்கு, நடைமுறையில் இதற்கும் குறைவுதான். 7950எக்ஸுக்கு ஏஎம்டி சொல்லும் 5200 வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால்தான். நான்கு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும். அதாவது 57.6 ஜிபி. என் நண்பனிடம் இருந்தது நான்கு ஸ்டிக்! அடுத்த வாரமே திரும்பப் போய், அவன் சம்மதத்தோடு இரண்டைக் கழற்றி, ரேம் வேகத்தை 5200-இல் வைத்து ஓட்டினேன். பாதி ரேமை எடுத்த பிறகு வேலை சீக்கிரமாக முடிந்தது. ரேம் கூடக்கூட நல்லது என்று நினைத்து நான்கு இடத்தையும் நிரப்புகிறவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

சரி, கூடைக்காரர்கள் அதிகம் உள்ள புராசசர் எது? அங்கேதான் சர்வர் வகை வருகிறது. 2023 இறுதியில் வந்த ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் புரோ 7000 வரிசையில் 8 சேனல், அதே டிடிஆர்5-5200-இல் நொடிக்கு 332.8 ஜிபி. புரோ இல்லாத த்ரெட்ரிப்பரில் 4 சேனல். இன்டெலின் ஜியான் டபிள்யூ-3400 வரிசையில் 8 சேனல் டிடிஆர்5-4800. ஏஎம்டியின் சர்வர் புராசசரான எபிக் 9004-இல் 12 சேனல். படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கியது. 7950எக்ஸ் அறிமுகமானபோது 699 டாலர். 24 கோர் உள்ள த்ரெட்ரிப்பர் புரோ 7965டபிள்யூஎக்ஸ் 2,649 டாலர். புராசசர் மட்டும். அதற்கான போர்டும் 8 ஸ்டிக் ஆர்டிம் வகை ரேமும் தனி. டெஸ்க்டாப் ரேம் அதில் ஏறவே ஏறாது. தனியாளாகத் தொழில் செய்கிற எனக்கு அது எட்டாது.

கடைசியில் கண் போனது பழைய எபிக் மேல். டேட்டா சென்டர்களில் ஓடி முடிந்து கழற்றி விற்கப்படும் சரக்கு. 2019 ஆகஸ்டில் வந்த எபிக் 7002 தலைமுறையில் 8 சேனல் டிடிஆர்4-3200, ஏட்டுக்கணக்கில் நொடிக்கு 204.8 ஜிபி. சில வருஷம் முந்திய புராசசர், புது டெஸ்க்டாப்பை விட இரண்டரை மடங்கு அகலமான பாதை.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழப் பார்த்தேன். எபிக் 7282, எபிக் 7302 இரண்டும் 16 கோர். 7282 மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதற்குள் கணக்குச் செய்யும் சில்லுகள் இரண்டுதான். அவற்றிலிருந்து மெமரிக்குப் போகும் பாதை அதனால் குறுகல். ஏஎம்டியே அதற்கு நொடிக்கு 85.3 ஜிபி என்றுதான் குறித்திருக்கிறது. 8 சேனலையும் நிரப்பினாலும் அதற்கு மேல் வராது. 7302-இல் அப்படிச் சில்லுகள் நான்கு, கேஷும் 128 எம்பி. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மலிவானதை எடுத்திருந்தால் ஒரு பழைய டெஸ்க்டாப்பைத்தான் சுற்றிவளைத்து வாங்கியிருப்பேன்.

நாகர்கோவில் கடை அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "போர்டு போச்சுன்னா இங்க யாருட்ட போய் நிப்ப மக்களே? டெஸ்க்டாப்னா நாளைக்கே மாத்தித் தருவேன்." அவர் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. சர்வர் போர்டு கெட்டுப்போனால் நம் ஊரில் பழுது பார்க்க ஆள் கிடையாது, பழைய சரக்குக்கு வாரண்டியும் கிடையாது. அது மட்டுமா? 7302-இன் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஒரே கோரில் ஓடும் வேலை எதுவானாலும் அங்கே மந்தமாகத்தான் இருக்கும். பூவை மடித்து மடித்துக் கட்டும் எங்கள் ஊர் மாணிக்கமாலையின் ஒரு மடிப்பை ஒரு கைதான் மடிக்க முடியும், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் அது வேகமாகாது. என் வேலையில் வரைபடம் திருத்துவது, படமாகப் பார்ப்பது எல்லாம் அந்த வகை.

அப்புறம் இன்னொரு நேர்மையான கணக்கும் உண்டு. 48 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்ட 7950எக்ஸில் 96 ஜிபி கிடைக்கும். கைக்கணக்குப்படி என் 4 கோடி செல் அதில் அடங்கும். புது சாமான், வாரண்டி, அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார். எபிக்கின் வேகம் ஒன்று மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நான் இந்த டெஸ்க்டாப்புக்குத்தான் போயிருப்பேன். என்னை மறுபக்கம் தள்ளியது அதற்கு முந்தின கோடையில் நடந்த ஒரு விஷயம்.

பழைய டெஸ்க்டாப்பில் ஐந்து நாள் ஓடிய ஒரு வேலையை முடித்து அறிக்கை கொடுத்திருந்தேன். வேறொரு சந்தேகத்துக்காக அதே வேலையை மெஷ் உட்பட முதலிலிருந்து மறுபடி ஓட்டியபோது ஒரு காற்றாலைக்கு மட்டும் எண் மாறி வந்தது. கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை. ஒரு வாரம் தூக்கம் போனது. கடைசியில் இராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டியதில் ஒரு ரேம் ஸ்டிக்கில் பிழை தெரிந்தது. காற்றின் வேகத்தைத் தாங்கிய எண்ணில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால் பெரும்பாலும் பரவாயில்லை, அடுத்தடுத்த சுற்றுகளில் அது சரியாகிவிடும். நிலத்தின் வடிவத்தைத் தாங்கிய எண் புரண்டால் போச்சு. இல்லாத ஒரு மேட்டின் மேல் காற்று ஐந்து நாள் ஏறி இறங்கும், மெஷின் ஒரு எச்சரிக்கையும் கொடுக்காது. எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். வேலை கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, அந்த அறிக்கையை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்று சொன்னேன். அந்த போன் பேச்சு எவ்வளவு கஷ்டமானது என்று எனக்குத்தான் தெரியும்.

சர்வர் வகை ரேமில் ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி உண்டு. டிடிஆர்4-இல் 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பும் கூடவே பயணம் செய்யும். ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். இது அபூர்வமான கோளாறு என்று நினைத்திருந்தேன். கூகுளின் சர்வர்களை இரண்டரை வருஷம் கவனித்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது. டிடிஆர்5-இல் எல்லாவற்றிலும் ஈசிசி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது சில்லுக்குள் நடக்கும் பிழையைத் திருத்துவது மட்டும்தான், சில்லிலிருந்து புராசசருக்கு வரும் வழிக்குக் காவல் கிடையாது. ரைசனிலும் போர்டு இடம் கொடுத்தால் முழு ஈசிசி ஓடும், ஆனால் அதற்கான பஃபர் இல்லாத ஈசிசி ஸ்டிக் எனக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

கடைசியில் வாங்கியது எபிக் 7302, ஒரு போர்டு, 32 ஜிபி ஸ்டிக் எட்டு. பழைய டெஸ்க்டாப்பைக் கெட்ட ஸ்டிக்கை மாற்றி வைத்துக்கொண்டேன். வரைவது, பார்ப்பது அதில். ஓட்டுவது எபிக்கில். வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: இந்தப் புராசசர் எந்தக் கம்பெனி சர்வரிலிருந்து கழற்றியது? சில கம்பெனிகளின் போர்டில் ஒருமுறை ஓடிய எபிக்குக்குப் பூட்டு விழுந்துவிடும், வேறு கம்பெனி போர்டில் எழும்பாது. எட்டு ஸ்டிக்கும் அவசியம். 64 ஜிபியில் நான்கு வாங்கினாலும் அதே 256 ஜிபிதான், ஆனால் நான்கு கூடைதான் ஓடும்.

முதல் தடவை கரண்ட் கொடுத்தபோது பல நிமிஷம் திரையில் ஒன்றும் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. சர்வர் போர்டு எல்லா ரேமையும் சோதித்துவிட்டு நிதானமாகத்தான் எழும்பும் என்பது பிறகுதான் தெரிந்தது. எழும்பியதும் 8 ஸ்டிக்கில் 7 மட்டுமே தெரிந்தன. ஸ்டிக் கெட்டதோ என்று இடம் மாற்றிப் பார்த்தேன், எதைப் போட்டாலும் அதே இடம்தான் காலி. அந்தப் பெரிய சாக்கெட்டில் மூன்று திருகாணி உண்டு, 1, 2, 3 என்ற வரிசையில் குறிப்பிட்ட இறுக்கத்துக்குத் திருக வேண்டும். நான் கையளவில் திருகியிருந்தேன். ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் சில பின்கள் தொடாது, ஒரு சேனல் காணாமல் போகும். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ஸ்குரூடிரைவர் இரவல் வாங்கி மறுபடி இறுக்கியதும் எட்டும் வந்தன.

நண்பன் மெஷினில் ஓட்டிய அதே சின்ன வேலையைப் போட்டேன். அவன் மெஷின் நான்கு ஸ்டிக்கோடு எடுத்த நேரத்தில் பாதிக்குச் சற்று மேல். இரண்டு ஸ்டிக்கோடு எடுத்ததில் முக்கால் பங்கு. பாதை இரண்டரை மடங்கு அகலம் என்றால் வேகமும் இரண்டரை மடங்கு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கை ஒவ்வொன்றும் பழைய கை. ஆனால் 8 கோரிலிருந்து 16-க்குப் போனபோது நேரம் உண்மையாகவே குறைந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் பெரிது.

கரண்ட் விஷயமும் சொல்ல வேண்டும். முழுவேகத்தில் ஓடும்போது மீட்டரில் 250 வாட் அளவில் காட்டுகிறது. நாள் முழுக்க ஓடினால் 6 யூனிட், இரண்டு மாத பில்லில் 360 யூனிட். வீட்டு பில்லில் அது பெரிய தொகைதான், வேலைக்கு விலை சொல்லும்போதே சேர்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். வீட்டு இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலைக்கு மாற்றி வைத்தேன், அப்படியும் நம்பிக்கை இல்லாமல் ஒவ்வொரு நூறு சுற்றுக்கும் ஒருமுறை வேலையைச் சேமிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடிக்காற்றில் தூசி வடிகட்டி வாரம் ஒருமுறை அடைந்துவிடும், அதைக் கழுவுவது ஞாயிற்றுக்கிழமை வேலை.

என் நண்பன் இதைப் பார்த்துவிட்டுத் தானும் எபிக் வாங்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வீடியோ வெட்டுகிற வேலைக்கு கிராபிக்ஸ் கார்டும் ஒரு கோரின் வேகமும்தான் முக்கியம், அவன் மெஷின் அவனுக்குச் சரி. மூன்று நான்கு கிராபிக்ஸ் கார்டு வைத்து ஓட்டுகிறவர்களுக்கு விஷயம் வேறு. கார்டுகளைப் புராசசரோடு இணைக்கும் பிசிஐஇ பாதை ரைசன் 7000-இல் 28, இந்த எபிக்கில் 128. அவனுக்கு அது தேவைப்படாது. அந்த இரண்டு ஸ்டிக்கைத் திரும்ப மாட்டினானா என்று கேட்டேன். இல்லையாம், எடிட்டிங்குக்கு 64 ஜிபியே காணும் என்கிறான்.

4 கோடி செல் வேலை முடிந்த பிறகு, நான் திருப்பி வாங்கிய அந்தப் பழைய அறிக்கையின் வேலையை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, அதற்குக் காசும் கிடையாது. மெஷ்ஷை முதலிலிருந்து போட்டு இரண்டு முறை ஓட்டினேன். இரண்டாவது ஓட்டம் விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தது. அத்தை சந்தைக்குப் போக எழுந்து வெளியே வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு காற்றாலைக்கு இரண்டு முறையும் ஒரே எண். ஈசிசி பதிவேட்டையும் திறந்து பார்த்தேன், அந்த நாட்களில் பிழை ஒன்றும் இல்லை. விடிந்ததும் வேலை கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.